பெட்டியோடு வரட்டும் உன் மாமா

அன்புள்ள செந்திலுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லாரும் நலம்தான், உன் சுந்தரம் மாமாவைத் தவிர. அவனுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளா வேளைக்குச் சாப்பிடுகிறான், ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்கிறான். பேச்சுதான் நின்றுபோய்விட்டது. காரணம் நீ எழுதிய கடிதம். உன் கடிதம் வந்தால் நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன், அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் வாசித்தேன். உன் கல்யாண மண்டபம், சமையல், பெண் வீட்டாரின் வேன் எல்லாம் வாசித்து முடித்து, கடைசி வரிக்கு வந்தேன். "மாமா கட்டாயம் வரட்டும், ஆனால் அந்தக் காற்றடிக்கும் மெஷினை மட்டும் கோயமுத்தூருக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய். ஓடுகிற வாயை நடுவில் நிறுத்த எனக்குத் தெரியாது. முழுவதையும் வாசித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மாமா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மெஷின் பெட்டியின் ரப்பர் குழாய்க்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எண்ணெய்ப் பாட்டிலை மூடினான். ஒயரைச் சுற்றினான். பெட்டியை மூடி, கொக்கியை மாட்டினான். "அப்ப நான் வரலக்கா. பொட்டிய வேணாங்கிறவனுக்கு நான் மட்டும் எதுக்கு?" என்றான். அவ்வளவுதான். எழுந்து லேக் பக்கத்தில் இருக்கும் அந்த வாடகை சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு பேசுவது ரசத்துக்கு மட்டும்தான்.

செந்தில், நீ படித்தவன், பாங்கியில் ஆபீசர். உனக்கு நான் சம்பிரதாயம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், அம்மா என்றால் அதற்குத்தானே. நம் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு முதல் மாலை தாய்மாமன் கையால்தான் விழ வேண்டும். அவன்தான் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போக வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல் நம் வீட்டிலேயே இருந்துவிட்டவன். அவன் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தால் பெண் வீட்டுப் பெண்கள் என்னைச் சும்மா விடுவார்களா? தாய்மாமன் எங்கே என்று கேட்பார்கள். பெட்டிக்கு அனுமதி கிடைக்கவில்லை, அதனால் அவன் வரவில்லை என்று நான் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் வாசித்துத் தூக்கிப்போட்டுவிடாதே. நிதானமாக வாசி.

அவன் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது மீசை முளைக்கிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த வயது. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் என்ன கொண்டுவருவான் என்று நம் நாயுடுபுரம் முழுவதற்கும் தெரியும். டேப் ரிக்கார்டர் வரும், சென்ட் பாட்டில் வரும், பூப்போட்ட புடவை வரும். நீ டேப் ரிக்கார்டருக்கு மேசையில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாய். உன் அக்கா அதற்கு உறை தைக்கத் துணி வெட்டிவிட்டாள். மாமா சூட்கேசைத் திறந்தான். சட்டைகளுக்கு நடுவே, ஒரு துண்டில் பிள்ளையைப் பொதிந்த மாதிரி பொதிந்து, டிபன் கேரியர் உயரத்தில் ஓர் ஆரஞ்சு நிற டப்பா. ஒரு பக்கம் ரப்பர் குழாய், ஒரு பக்கம் சுருட்டின ஒயர், நடுவில் காற்றளவு காட்ட ஒரு கடிகார முள். இது என்ன என்று அப்பா கேட்டார். காரிலேயே செருகிவிட்டால் தானாக டயருக்குக் காற்றடிக்கும் என்றான். உன் அக்கா அந்தத் துணியை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அவன் என்னைப் பார்த்து, "இனிமே வழியில எறங்கி நின்னு அடிக்க வேண்டியதில்லக்கா" என்றான். எல்லாரும் சிரித்தீர்கள், அப்பாதான் அதிகம் சிரித்தார். நான் காபி போடுவதாகச் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏன் போனேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதை எங்கே செருகுவது என்பதுதான் அடுத்த பிரச்சினை. வெளிநாட்டுக் கார்களில் சிகரெட் பற்றவைப்பதற்கென்று டேஷ்போர்டில் ஒரு ஓட்டை இருக்குமாம். அந்த ஓட்டைக்குத்தான் இந்த பிளக் பொருந்தும். நம் அம்பாசிடரில் அப்படி ஒன்றும் கிடையாது. மாமா ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். உன் அப்பா அந்தக் காரைத் துடைக்கிற துணியை எனக்குத் தலை துவட்டக்கூடத் தரமாட்டார். "நான் பீடி குடிச்சதில்ல, சுருட்டு குடிச்சதில்ல. என் வண்டிக்கு எதுக்குய்யா சிகரெட்டு பத்தவைக்கிற ஓட்டை?" என்று ஒரு சீசன் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். வாடகைக்கு வண்டி நிறுத்துகிற டாக்சி ஸ்டாண்டில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நியாயம் கேட்டார். கடைசியில் அவர் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளில் மாமா எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து ஓட்டை போட்டுவிட்டான். காய்ச்சல் தெளிந்து எழுந்த அப்பா காரில் உட்கார்ந்ததும், காது குத்தின பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். அப்புறம் அதற்கு ஒரு மூடி வாங்கி வந்து போட்டார். இன்றுவரை அதில் யாரும் ஒரு சிகரெட்டும் பற்றவைத்ததில்லை.

அந்தப் பெட்டி ஊருக்குச் செய்த சேவையை நீ மறந்திருக்கமாட்டாய். நீதான் அதற்குப் பயந்து தெரு மாறிப் போனவன். டூரிஸ்ட் கார் எது நின்றாலும் மாமா போய் டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, காற்றுக் கம்மியாக இருக்கிறதே என்பான். நன்றாக இருந்த டயர்களுக்கெல்லாம் அவன் தட்டின பிறகு சந்தேகம் வந்தது. கான்வென்ட்டு ஃபுட்பாலுக்குக் காற்றடித்தான், அது கோழி முட்டை வடிவத்துக்கு வந்து நின்றது. அவன் வேலை பார்க்கும் கடையின் சைக்கிளுக்கே அடித்து டியூப் வெடித்து, அந்தச் சத்தத்தில் சவாரிக் குதிரை ஒன்று வடநாட்டு மனிதர் ஒருவரை ஏற்றிக்கொண்டு பாதி ஏரியைச் சுற்றி வந்தது. ஒருநாள் ஒட்டன்சத்திரத்துக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லாரியின் பின்சக்கரத்தில் குழாயை மாட்டி, நம் கார் எஞ்சினை ஓடவிட்டான். பெட்டி காலையிலிருந்து கத்தியது. டிரைவர் இட்லி சாப்பிட்டார், சவரம் செய்துகொண்டார், கோயிலுக்குப் போய்வந்தார். மதியம் பார்த்தபோது டயர் காலையில் இருந்த மாதிரியே இருந்தது, பெட்டியின் மேல்தான் கைவைக்க முடியவில்லை. அந்த டிரைவரை நினைவில் வைத்துக்கொள், மறுபடியும் வருவார்.

இப்போது உன் அக்கா கல்யாணத்தில் நடந்ததற்கு வருகிறேன். உன் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது, எனக்குத் தெரியும். பழனியில் முகூர்த்தம், பழனியில்தான் மாப்பிள்ளை வீடு. உறவுக்காரர்கள் எல்லாரும் முந்தின நாளே வேனில் இறங்கிவிட்டார்கள். பெண்ணோடு நாமும் உன் நண்பர்கள் இரண்டு பேரும் மட்டும் காலையில் வெள்ளனே காரில் கிளம்புவதாக ஏற்பாடு. சீர்த்தட்டுகளுக்கு டிக்கியில் இடம் வேண்டும் என்று அப்பா டூல்ஸ் பையைத் தூக்கி வேனில் போட்டு அனுப்பிவிட்டார். காரைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற அந்த ஹேண்டிலும் அந்தப் பையோடு போய்விட்டது. இதைக் குறித்துக்கொள், ஏனென்றால் இன்றுவரை அப்பா இதைச் சொல்லும்போது பை தானாக நடந்துபோய் வேனில் ஏறினதாகத்தான் சொல்லுவார்.

உனக்கு இன்னொன்றும் தெரியும். இந்த மலை ஊரில் பாட்டரியை நம்பி எவனும் வண்டி நிறுத்துவதில்லை, பள்ளத்தை நம்பித்தான் நிறுத்துகிறான். குளிரில் பாட்டரி நம்மைவிடத் தாமதமாக எழுந்திருக்கும். ஆகையால் எல்லா வண்டியும் மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி, சக்கரத்தடியில் ஒரு கல்லோடு கிடக்கும். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், உருண்டால் ஸ்டார்ட் ஆகும். உன் அப்பா தம் வாழ்நாளில் ஒரு தடவைகூட மூக்கை மேட்டைப் பார்த்து நிறுத்தினதில்லை. பெண்ணை அழைத்துப் போகிற வண்டி கிழக்கே பார்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் அவருக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. நம் வீட்டு வாசலில் கிழக்கு என்றால் ஏற்றம். முந்தின நாள் மாலையே காரைத் திருப்பி, மேட்டைப் பார்த்து நிறுத்தி, மாலையும் போட்டுவிட்டார்.

விடிந்தும் விடியாத மூடுபனியில் மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தன் அக்கா மகளின் கல்யாணக் காருக்குக் காற்று அடிப்பது தன் சீர் என்று அவன் மனதுக்குள் முடிவு செய்திருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று எஞ்சினைப் போடாமலேயே பெட்டியைச் செருகினான். பனியில் முள் தெரியவில்லை என்று ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டான். நான்கு டயருக்கும் அடித்து, ஸ்டெப்னி மனசு கோணக்கூடாது என்று அதற்கும் அடித்தான். நான் உள்ளே அக்காவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நாதஸ்வரம் இல்லாத குறையை அது தீர்த்துவைத்தது. நாங்கள் வெளியே வந்து காரில் உட்கார்ந்து, அப்பா சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி திருகினார். அந்த டிக்கும் வரவில்லை.

ஹேண்டில் பழனியில் இருக்கிறது. மூக்கு மேட்டில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் மேலே தள்ள இருக்கிற ஆள் போதாது. சரி, பின்னாலேயே உருட்டி ரிவர்ஸ் கியரில் எடுக்கலாம் என்று அப்பா சொன்னார். நீ புது பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்காகக் கூட்டி வந்திருந்த உன் காலேஜ் நண்பர்கள் முன்னால், காருக்குப் பின்னால் போய் நின்று கையை ஆட்டி ரைட், ரைட் என்று சொன்னாய். பனியில் உனக்கு அப்பா தெரியவில்லை, அப்பாவுக்கு நீ தெரியவில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் சாக்கடை தெரியவில்லை. முதலில் நீ உள்ளே போனாய், அப்புறம் இடது பின்சக்கரம் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தது. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்தபிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. பேன்ட் எங்கே கிழிந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை, உன் நண்பர்கள் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் முட்டைக்கோஸ் லாரி வந்தது. டிரைவர் இறங்கி வந்து மாலை போட்ட காரைப் பார்த்தார், நகை போட்ட பெண்ணைப் பார்த்தார், மாமாவின் கையில் இருந்த ஆரஞ்சுப் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. "புள்ளைய ஏத்திக்கிறேங்க, நீங்க எல்லாரும் ஏறிக்கங்க. அந்தப் பொட்டி மட்டும் என் டயரு பக்கம் வரக்கூடாது" என்றார். நானும் அக்காவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். நீங்களெல்லாம் மேலே மூட்டைகள்மேல். முகூர்த்தத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம், ஆனால் மண்டப வாசலில் மேளத்தோடு காத்திருந்த சம்பந்தி வீட்டார் முன்னால், மணப்பெண் லாரியிலிருந்து இறங்க, மேலிருந்து ஒவ்வொருவராக நாம் இறக்கப்பட்டோம். நீ கடைசியாக, பின்பக்கத்தை ஒரு கோணிச்சாக்கால் மறைத்துக்கொண்டு இறங்கினாய். அன்றிலிருந்து உன் அக்காவின் மாமியார் எனக்குக் கடிதம் எழுதினாலும் முட்டைக்கோஸ் என்ன விலை என்று ஒரு வரி சேர்க்காமல் முடிப்பதில்லை. அப்பா மாமாவோடு ஆடி வரைக்கும் பேசவில்லை. நீ இன்னும் சரியாகப் பேசவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேள். வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் பாட்டரியைப் பார், மச்சானை அப்புறம் பார்க்கலாம். நம் வீட்டு ஆண்கள் எல்லாரும் முதலில் மச்சானைத்தான் பார்க்கிறார்கள். காரைக் கிழக்கே திருப்பினது அப்பா, ஹேண்டிலை அனுப்பினது அப்பா, ரிவர்ஸில் எடுத்தது அப்பா. ஆனால் குற்றம் சுமத்தும்போது எல்லாருடைய கையும் அந்த ஆரஞ்சுப் பெட்டியைத்தான் காட்டியது. உனக்கும் ஒரு மச்சான் வரப்போகிறான். அவனும் எதையாவது தூக்கிக்கொண்டு வருவான். அதைப் பார்த்துச் சிரிக்கலாம், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் பெண்டாட்டி அடுப்படிக்குப் போய் நிற்பாள், நீ அவள் காபி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

இப்போது நான் ஏன் அடுப்படிக்குப் போனேன் என்று சொல்கிறேன். நீ சின்ன வயதில் டயர் மூடியை விழுங்கின கதை உனக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்போம். சிரித்துச் சிரித்து அதில் சிரிப்பு இருக்கிற இடம் மட்டும் மிச்சமாகிவிட்டது. மற்றதை இன்றைக்கு முழுவதுமாகச் சொல்கிறேன். நீ இரண்டாம் வகுப்பு. நம் காரின் ஒரு பின்சக்கரத்தில் வால்வு கசியும். அதற்கு அப்பா ஒரு பித்தளை மூடியை உள்ளே ரப்பர் வைத்துத் திருகி, காற்றுப் போகாமல் நிறுத்தியிருந்தார். மற்ற சக்கரங்களின் மூடிகளெல்லாம் எப்போதோ தொலைந்துபோயிருந்தன. பளபளவென்று இருந்த அந்த ஒன்றைத்தான் நீ திருகி எடுத்து வாயில் போட்டுச் சப்பியிருக்கிறாய். எங்களுக்கு அது தெரியாது. நீ தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாய், பேச்சு வரவில்லை, மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ப்ளம்ஸ் கொட்டையாக இருக்கும் என்று நினைத்தோம். இங்கே டாக்டர் பார்த்துவிட்டு, படுக்கவைக்காமல் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் உன்னை அள்ளித் தூக்கிக்கொண்டேன்.

நான் உன்னை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். மாமா முன்னால் ஏறிக்கொண்டான். அவனுக்கு அப்போது நீ இன்றைக்கு இருக்கிற வயதுகூட இல்லை. பெருமாள்மலை தாண்டுவதற்குள் கார் ஒரு பக்கமாக இழுத்தது. அப்பா இறங்கிப் பார்த்தார். டயர் பாதி படுத்திருந்தது, வால்வில் மூடி இல்லை, ஸ் என்று காற்றுப் போய்க்கொண்டிருந்தது. அவர் அந்தச் சக்கரத்தைப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தார். நீ எதை விழுங்கியிருக்கிறாய் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஸ்டெப்னியோ பஞ்சர் ஒட்டக் கொடுத்து வத்தலக்குண்டில் கிடக்கிறது. மாமா டிக்கியைத் திறந்து கைப்பம்பை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். அடித்து முடித்து ஏறினால் சில வளைவுகள் ஓடும், மறுபடி இழுக்கும், மறுபடி இறங்குவான். ஊத்து, டம்டம் பாறை, அதற்குக் கீழே இருக்கிற கொண்டை ஊசி வளைவுகள், எல்லா இடத்திலும் இறங்கினான். அவன் உள்ளங்கை கொப்பளித்து உடைந்து பம்பின் பிடி ஈரமாகியிருந்தது. நான் கேட்டதற்கு வேர்வை என்றான்.

ஓரிடத்தில் உனக்குப் பயம் வந்துவிட்டது. மூச்சை வேக வேகமாக இழுக்க ஆரம்பித்தாய், உதடு நிறம் மாறியது. மாமா உன் பக்கத்து ஜன்னலுக்கு நேராகப் பம்பை இழுத்துவைத்துக்கொண்டு, உன் முகத்தைப் பார்த்தபடி அடித்தான். "ஏலே செந்திலு, மாமாவப் பாரு. நான் தூக்கறப்ப இழு, அமுக்கறப்ப விடு. வெரசா வேணாம், எங்கூடவே வா." அவன் தூக்கினான், நீ இழுத்தாய். அவன் அமுக்கினான், நீ விட்டாய். டயருக்காக என்றால் அவன் வேகமாக அடித்திருக்கலாம். உனக்காக மெதுவாக அடித்தான். டயர் நிறைந்த பிறகும், குழாயைக் கழற்றிவிட்டு, வெறும் பம்பை உனக்காக இன்னும் கொஞ்ச நேரம் அடித்தான். உன் உதட்டின் நிறம் திரும்பியது. அந்த மலை முழுவதும் நீங்கள் இரண்டு பேரும் அப்படியேதான் இறங்கி வந்தீர்கள்.

வத்தலக்குண்டு பஞ்சர் கடை வாசலில் கார் போய் நின்றது. உள்ளே பெரிய கம்ப்ரசர் ஒன்று இருந்தது. கடைக்காரர் எங்கள் டயரைப் பார்த்ததும் ஓடிப்போய் அதன் சுவிட்சைப் போட்டார். டடடடவென்று அது போட்ட சத்தத்தில் நீ என் மடியிலிருந்து துள்ளி, அலறி, இருமினாய். பித்தளை மூடி வெளியே வந்து மாமாவின் சட்டையில் பட்டு ரோட்டில் விழுந்தது. நீ வாய்விட்டு அழுதாய். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. உன் அப்பா குனிந்து அந்த மூடியை எடுத்தார். பனியனில் துடைத்தார். டயரில் வைத்துத் திருகினார். கடைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். இதைத்தான் நாம் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம், சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்தில் நான் பார்த்தது வேறு. மாமா உன்னையும் பார்க்கவில்லை, மூடியையும் பார்க்கவில்லை. தோல் உரிந்த கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சன்னிதியில் நிற்கிறவனைப் போல அந்த கம்ப்ரசர் முன்னால் போய் நின்றிருந்தான். மதுரைக்குப் போய்க் காட்டித் திரும்பும் வழியெல்லாம், இதையே சின்னதாகச் செய்து வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்கிற மாதிரி உலகத்தில் எங்கேயாவது இருக்காதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். எங்கேயும் இருக்காது என்று அப்பா சொன்னார்.

எங்கேயோ இருந்திருக்கிறது. அவன் அதை மஸ்கட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டான். பார்த்தபிறகு அவனுக்கு டேப் ரிக்கார்டரும் தெரியவில்லை, சென்ட்டும் தெரியவில்லை. செந்தில், உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெட்டியால் இத்தனை வருஷத்தில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அது ஒரு தொல்லை. ஆனால் அதை வேண்டாம் என்று சொல்ல ஊரில் யாருக்கு உரிமை இருந்தாலும் உனக்குக் கிடையாது. உன் மாமனார் வாங்கியிருக்கும் புதுச் சின்னக் காரில் சிகரெட் லைட்டர் ஓட்டை கம்பெனியிலேயே போட்டு வருகிறது என்று நீதான் முன்னொரு கடிதத்தில் பெருமையாக எழுதினாய். அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் தினமும் சாயங்காலம் அந்தக் குழாய்க்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவனுக்கு ஒரு கார்டு எழுது, பெட்டியோடு வாங்க மாமா என்று ஒரு வரி போதும். முகூர்த்தத்தன்று காரை எந்தத் திசை பார்த்து வேண்டுமானாலும் நிறுத்திக்கொள். எஞ்சினை மட்டும் ஓடவிடு. ஹேண்டிலைப் பற்றி அப்பாவிடம் கேட்காதே. நல்ல பேன்ட்டாகப் போட்டுக்கொள், காருக்குப் பின்னால் போய் நிற்காதே. உன் மாமா குனிந்து அந்தப் பெட்டியைச் செருகி நான்கு டயருக்கும் காற்றடிக்கட்டும். ஊர் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. அந்தச் சத்தத்தைக் கேட்டு உனக்கு இருமல் வந்தால் மட்டும் அடக்கிக்கொள்ளாதே, அவன் காதில் விழட்டும்.

அன்புடன்,
அம்மா